கலப்புக் குப்பையிலிருந்து உலோகம் பிரிக்க: எந்த இயந்திரத்தை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில்?

இந்த வேலையில் இறங்கும் பலர் முதலில் கை வைப்பது அரவை இயந்திரத்தில்தான். செலவும் ஆபத்தும் அதற்குத்தான் அதிகம். அதைக் கட்டி முடிக்கும்போது மற்ற எதற்கும் கையில் காசு மிஞ்சாது. அரைத்துக் கொட்டிய பிறகுதான் விஷயம் புரியும். கையாலேயே பொறுக்கியிருக்கக்கூடிய செம்பு, இப்போது பிளாஸ்டிக் தூளோடு கலந்து எதற்கும் உதவாத மாவாகக் கிடக்கும்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் எடை, பிறகு சல்லடை, பிறகு காந்தம், அதன் பிறகே வெட்டு. சலித்தல், தூற்றுதல், அரித்தல் என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நாம் கட்டப்போவதும் அவற்றைத்தான். சலிப்பது அளவைப் பார்த்து, தூற்றுவது காற்றில், அரிப்பது நீரில். மோட்டார் மட்டும் புதிது.

1. இயந்திரத்துக்கு முன் ஒரு தராசு

உங்களுக்கு வரும் குப்பையில் 20 கிலோ எடுத்துக் கூம்பாகக் குவியுங்கள். தட்டையாக்கி நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுங்கள். இதையே மூன்று முறை செய்தால் 2.5 கிலோ மிஞ்சும். மேலாக அள்ளிய 2.5 கிலோவும் இதுவும் ஒன்றல்ல. கனமான துண்டுகள் பெரும்பாலும் குவியலின் அடியில்தான் கிடக்கும்.

இந்த 2.5 கிலோவைக் கையால் பிரியுங்கள்: இரும்பு, செம்பு, அலுமினியம், பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக், மண். 1 கிராம் வரை காட்டும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். வயராக இருந்தால் இன்னும் எளிது. 1 மீட்டர் வெட்டி நிறுத்து, உறையை உரித்துச் செம்பை மட்டும் மறுபடி நிறுங்கள். 2.5 சதுர மி.மீ. ஒற்றை வயரில் மீட்டருக்குச் சுமார் 22 கிராம் செம்பும் 10 கிராம் பிளாஸ்டிக்கும் இருக்கும், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் செம்பு. மூன்று வயர் சேர்ந்த மெல்லிய, வளையும் கேபிளில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கினால் முதல் நாளே நஷ்டம்.

எந்த இயந்திரம் வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும். உலோகத்தில் பெரும்பங்கு இரும்பு என்றால் காந்த உருளை ஒன்றே போதும். துண்டுகள் 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் கையைவிட நல்ல இயந்திரம் கிடையாது. தடித்த ஒற்றை வயர்தான் அதிகம் என்றால் உரிக்கும் கத்தி போதும், வெட்டவே வேண்டாம். உரித்த பளபளப்பான கம்பிக்குக் கிடைக்கும் விலை, வெட்டிய துகளுக்குக் கிடைக்காது.

2. காகித வேலை

ஊருக்கு ஊர் விதிகள் மாறும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்குங்கள்: இந்த இடத்தில் கழிவைச் சேமிக்கலாமா, மோட்டார் ஓட்டலாமா, கழுவிய நீரை என்ன செய்வது, மிஞ்சும் பிளாஸ்டிக்கை யாரிடம் கொடுப்பது. வாய்ச்சொல்லை நம்பி ஷெட் போட்டுவிட்டுப் பிறகு பிரித்து எடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் மோட்டார் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். சுமையை உயர்த்த விண்ணப்பித்தால் இயந்திரம் கட்டும் நாட்களைவிட அதற்கே அதிக நாள் பிடிக்கலாம்.

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, யாரிடம் வாங்கியது, என்ன பொருள், எத்தனை கிலோ, கொடுத்தவரின் அடையாளச் சான்று, எடைச் சீட்டு. செம்பு வயர் திருட்டு எங்கும் நடப்பதால், விற்கப் போகும்போது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரத்தான் செய்யும். கேள்வி வந்த பிறகு அவசரமாக உட்கார்ந்து எழுதிய நோட்டு பார்த்தவுடனே தெரிந்துவிடும். உறை எரித்த கேபிளை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், நீங்களும் எரிக்காதீர்கள். உறையின் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். செம்பு பக்கத்தில் இருந்தால் டையாக்சின் உருவாவது கூடும். கருகிய செம்புக்கு விலையும் குறைவு.

3. முதலில் எடுத்து ஓரம் வைக்க வேண்டியவை

எந்த இயந்திரமும் ஓடுவதற்கு முன் கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டிய பொருட்கள் இவை. லித்தியம் பேட்டரி: நசுங்கினால் தீப்பிடிக்கும். மூடிய உருளைகள், ஸ்ப்ரே டப்பாக்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்: உள்ளே வாயுவும் எண்ணெயும் இருக்கும். மைக்ரோவேவ் கெப்பாசிட்டர்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். குழல் விளக்கு: பாதரசம். பழைய பெரிய கெப்பாசிட்டர்கள்: நச்சு எண்ணெய். பழைய படக்குழாய் டி.வி.யின் கண்ணாடி: ஈயம்.

மெக்னீசியம் சீவல்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க அலுமினியம் போலவே இருக்கும், ஆனால் இன்னும் இலேசு. அது பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ பெருகும். உலர்ந்த மணல் ஒரு வாளி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

4. உருளைச் சல்லடை

200 லிட்டர் இரும்பு டிரம் இரண்டின் அடியையும் மூடியையும் வெட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்தால் சுமார் 1.75 மீட்டர் நீளமும் 58 செ.மீ. விட்டமும் உள்ள உருளை கிடைக்கும். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வெட்டாதீர்கள். காலி டிரம்மில் தங்கிய ஆவி கட்டர் பொறியில் வெடிக்கும். நன்றாகக் கழுவி, வெட்டும் இடத்துக்குக் கீழ் வரை நீர் நிரப்பிய பிறகே வெட்டுங்கள்.

முதல் பாதியில் 5 மி.மீ. துளைகள், இரண்டாம் பாதியில் 25 மி.மீ. துளைகள். சிறியது முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எல்லாம் முதல் பாதியிலேயே கொட்டிவிடும். துளையிடச் சலிப்பாக இருந்தால் டிரம்மில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, வெல்ட் மெஷ்ஷைப் பற்றவையுங்கள். நான்கு தள்ளுவண்டிச் சக்கரங்களின் மேல் உருளையை உட்கார வைத்து, 3 முதல் 5 டிகிரி சாய்வு கொடுங்கள்.

வேகத்தில்தான் பலர் தவறுவார்கள். உருளை மிக வேகமாகச் சுற்றினால் சரக்கு சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், சலியாது. அந்த எல்லை வேகம், 42.3-ஐ விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 58 செ.மீ.க்கு அது நிமிடத்துக்கு 55 சுற்று. அதில் 40 சதவீதம், அதாவது 22 சுற்று, நல்ல வேகம். 1440 சுற்று மோட்டாரில் 5 செ.மீ. புல்லி, அதிலிருந்து பெல்ட் போட்டு இடைத்தண்டில் 28 செ.மீ. புல்லி, அதே தண்டில் இன்னொரு 5 செ.மீ. புல்லி, அங்கிருந்து பெல்ட் நேராக டிரம்மைச் சுற்றி. கணக்கு சரியாக 22-இல் வந்து நிற்கும். இதை ஓட்ட 1 எச்.பி. மோட்டார் தாராளம்.

ஈரக் குப்பை எந்தச் சல்லடையையும் அடைத்துவிடும். ஒரு நாள் பரப்பிக் காயவிட்டுப் போடுங்கள்.

5. காந்த உருளை

160 மி.மீ. பி.வி.சி. குழாய் வெளியே சுற்றும், காந்தங்கள் உள்ளே அசையாமல் நிற்கும். நடுத்தண்டு சுற்றாது, சட்டத்தோடு இறுக்கியிருக்கும். அதில் அரைவட்ட மரக்கட்டையைப் பொருத்தி, அதன் வளைவில் மட்டும் காந்தங்களை ஒட்டிப் பட்டியும் அடியுங்கள். பசையை மட்டும் நம்பக் கூடாது. குழாயின் இரு முனைகளிலும் பேரிங் வைத்த மூடிகள். குழாயின் மேல் நீளவாக்கில் இரண்டு மூன்று மெல்லிய ரப்பர் பட்டைகளை ஒட்டினால்தான் இரும்பு காந்த எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்டு விழும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் வழுக்கிக்கொண்டே நிற்கும். நிமிடத்துக்கு 30 முதல் 40 சுற்று போதும்.

பழைய ஸ்பீக்கர் காந்தங்கள் ஆணி, திருகு அளவுக்கு வேலை செய்யும். இரும்புத் தூளையும் பிடிக்க நியோடிமியம் என்ற வலுவான காந்தம் வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலு இழக்கும், அதனால் பக்கத்தில் வெல்டிங் வேண்டாம். இரண்டு பெரிய துண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும்போது நடுவில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். மரத் துண்டை இடையில் வைத்தே பொருத்துங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

சரக்கு ஒரே அடுக்காக விழ வேண்டும். இரண்டு அடுக்கானால் இரும்புக்கு மேலே கிடக்கும் செம்பும் இரும்புக் கூடைக்குப் போகும். இன்னொரு கசிவும் உண்டு. மோட்டார் ஆர்மேச்சர், சிறு டிரான்ஸ்ஃபார்மர் போன்று செம்பு சுற்றிய இரும்பு எல்லாம் இரும்போடு சேர்ந்தே போய்விடும். நாள் முடிவில் இரும்புக் கூடையைக் கிளறிப் பாருங்கள்.

எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்று நம்பிவிடாதீர்கள். 304 வகை ஒட்டாது, ஆனால் வளைத்த, வெட்டிய ஓரங்களில் இலேசாக ஒட்டும். 430 போன்றவை நன்றாகவே ஒட்டும்.

6. வெட்டு

கத்தித் தண்டை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சமன் சரியில்லாத கனமான தண்டு வேகமாகச் சுற்றும்போது கத்தி கழன்றால், அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் அரைக்கும் பழைய கிரானுலேட்டர் ஒன்றை வாங்கிக் கத்தியைச் சாணை பிடியுங்கள். சட்டம், ஹாப்பர் (சரக்கைப் போடும் வாய்), காவல் தகடு எல்லாம் நீங்களே செய்துகொள்ளலாம். ஹாப்பரின் வாயிலிருந்து கத்தி வரையிலான தூரம் உங்கள் கையின் முழு நீளத்தைவிட அதிகமாக இருக்கட்டும். மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வையுங்கள். சுற்றும் தண்டின் அருகே கையுறை கூடாது. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அசையும் கத்திக்கும் நிலைக்கத்திக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி. அதைவிடக் கூடினால் மெல்லிய கம்பி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே நுழைந்துவிடும். அடிச் சல்லடை 4 மி.மீ. வெளியே வருவதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். துண்டின் ஓரம் பளிச்சென்று இருந்தால் கத்தி சரி. ஓரம் பிய்ந்து, செம்பு இன்னும் உறைக்குள்ளேயே ஒளிந்திருந்தால் சாணைக்கு நேரமாகிவிட்டது. விடுபடாத செம்பை எந்தப் பிரிப்பு இயந்திரமும் பிரிக்காது.

7. காற்றா, நீரா?

நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் செம்பின் அடர்த்தி 8.96, வயர் உறையின் பி.வி.சி. சுமார் 1.4. காற்றில் இரண்டும் ஒரே வேகத்தில் விழ வேண்டுமானால், பிளாஸ்டிக் துண்டு செம்புத் துண்டைப் போல் 6 மடங்குக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டும். நீருக்குள் இரண்டிலிருந்தும் 1-ஐக் கழிக்க வேண்டும். 7.96-ஐ 0.4-ஆல் வகுத்தால் சுமார் 20 மடங்கு. அதாவது சலிப்பில் நீங்கள் செய்யும் பிழையை நீர் மூன்று மடங்கு அதிகமாகப் பொறுத்துக்கொள்ளும். அலுமினிய வயருக்கு இதே கணக்கு காற்றில் 2 மடங்குகூட வராது, நீரில் 4. அலுமினியத்தைத் தூற்றிப் பிரிக்க முயன்று தோற்பவர்கள், சல்லடையை இரண்டு மூன்று கண் அளவுகளாகப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இந்தக் கணக்கு உருண்டையான துண்டுகளுக்கு. வளையும் கேபிளின் முடி போன்ற இழைகள் வேறு கதை. 0.2 மி.மீ. செம்பு இழை காற்றில் நொடிக்குச் சுமார் 3 முதல் 4 மீட்டர் வேகத்தில்தான் விழும். 3 மி.மீ. பி.வி.சி. துண்டோ 8 மீட்டருக்கு மேல். பிளாஸ்டிக்கைத் தூக்கும் காற்று அதற்கு முன்பே செம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் குவியல் சிவப்பாக மின்னினால் காரணம் இதுதான். புளோயரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டியதை முதலில் 1 மி.மீ. சல்லடையில் அதிரவைத்துச் சலியுங்கள். இழைகள் நிமிர்ந்து கீழே இறங்கும், பிளாஸ்டிக் துண்டு மேலே தங்கும். கீழே வந்ததை நீரிலும் மேலே நின்றதைக் காற்றிலும் போடுங்கள்.

தூற்றுப் பெட்டி: பிளைவுட்டில் 10 x 20 செ.மீ. குறுக்களவுள்ள செங்குத்துக் குழாய், 120 டிகிரி வளைவுகள் ஐந்தாறு. ஒரு பக்கம் அக்ரிலிக் தகடாக இருந்தால் உள்ளே நடப்பது தெரியும். சரக்கு நடுவில் நுழைய வேண்டும். காற்றை அடியிலிருந்து ஊதாமல் மேலிருந்து உறிஞ்சுங்கள், தூசு வெளியே கசியாது. அளவு வைக்க ஒரு நேர்வழி உண்டு. சுத்தமான செம்பு 200 கிராம் மட்டும் போட்டு, அது மேலே போகத் தொடங்கும் வரை காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஷட்டரைத் திறந்து ஒரு கோடு போடுங்கள். பிறகு வெறும் பிளாஸ்டிக்கைப் போட்டு, முழுவதும் மேலே போகும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையே நிறுத்தி ஓட்டுங்கள். இடைவெளியே இல்லையென்றால் கோளாறு சல்லடையில்.

அரிக்கும் பலகை: 30 செ.மீ. அகலம், 1.5 மீட்டர் நீளம், மீட்டருக்கு 8 செ.மீ. சரிவு. 4 செ.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. உயரக் குறுக்குச் சட்டங்கள். நிமிடத்துக்கு 60 லிட்டரில் தொடங்கி, பிளாஸ்டிக் சட்டத்தைத் தாண்டும் வரை நீரைக் கூட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள செம்புத் தூள் நீரின் மேல் மிதந்து போகும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டால் மூழ்கிவிடும்.

அந்த நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய உறைகளிலும் பற்றாசிலும் ஈயம் இருக்கும். இரண்டு டிரம்களில் ஒரு நாள் தெளியவிட்டு மறுபடி அதையே ஓட்டுங்கள். அடிச் சேற்றைத் தனியாக மூடி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஈரத் தரையில் மோட்டார் ஓடுவதால் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். தூசுக்குத் துணி முகமூடி போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகவும் வேண்டாம்.

8. அலுமினியத்துக்குக் காந்தச் சரிவு

காந்தத்தின் மேல் நகரும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கும், அது துண்டைத் தள்ளும். எடைக்கு எடை பார்த்தால் அலுமினியத்துக்குக் கிடைக்கும் தள்ளல் செம்பைப் போல் இரு மடங்கு. எவர்சில்வர் ஏறக்குறைய அசையாது. தொழிற்சாலைகளில் இதற்குக் காந்த உருளையை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓட்டுகிறார்கள். அதை வீட்டில் கட்ட முயலாதீர்கள், கழன்ற காந்தம் தோட்டாவுக்குச் சமம்.

சுற்றும் பாகமே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. 3 மி.மீ. இரும்புத் தகட்டின் மேல் நியோடிமியம் கட்டைகளை, சரக்கு வழுக்கும் திசைக்குக் குறுக்கே சாய்வாக, வரிசை வரிசையாக அடுக்குங்கள். ஒரு வரிசை வடமுனை மேலே, அடுத்தது தென்முனை மேலே. அதன்மேல் 1 மி.மீ. ஃபைபர் தகடு. மொத்தத்தையும் 45 டிகிரி சாய்த்து மேலிருந்து துண்டுகளை வழுக்கவிட்டால், பிளாஸ்டிக் நேராக இறங்கும், அலுமினியம் பக்கவாட்டில் ஒதுங்கும். ஒதுங்குவது சில செ.மீ.தான், அதனால் கீழே பிரிக்கும் தகட்டை நகர்த்தும்படி வையுங்கள். 10 முதல் 30 மி.மீ. துண்டுகளுக்கு நன்றாக நடக்கும். 5 மி.மீ.க்குக் கீழே நம்பிக்கை வேண்டாம். ஒரு ஆணி தப்பி வந்து ஒட்டிக்கொண்டாலும் பின்னால் வருபவை எல்லாம் அதில் இடித்துத் திசை மாறும்.

9. செலவும் நாளும்

சல்லடைக்கு மூன்று நாள், காந்த உருளைக்கு இரண்டு, தூற்றுப் பெட்டிக்கு இரண்டு, அரிக்கும் பலகைக்கு ஒன்று. சரிப்படுத்த அதே அளவு நாள் இன்னும் வேண்டும். காசில் பெரும்பகுதி மோட்டார், கிரானுலேட்டர், நியோடிமியம் மூன்றுக்கும் போகும். மரமும் இரும்பும் பழையதாகவே இருக்கலாம், ஆனால் பேரிங்கையும் காவல் தகட்டையும் பழையதில் தேடாதீர்கள்.

ஓட்டும் செலவை மணிக்கணக்கில் போடுங்கள். 3 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் 5 மணி நேரம் ஓடினால், இழப்பும் சேர்த்து 13 அல்லது 14 யூனிட். அதோடு சாணைக் கூலி, ஆள் கூலி, மிஞ்சிய பிளாஸ்டிக்கை அகற்றும் செலவு. இந்தக் கடைசிச் செலவை மறந்துவிட்டு லாபம் என்று சொல்பவர்கள் நிறைய.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளே போன எடையும் வெளியே வந்த எடைகளின் கூட்டும் பொருந்த வேண்டும். ஈரத்தைக் கழித்த பிறகும் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எங்கோ தூசாகப் பறக்கிறது. பிறகு, தள்ளிய பிளாஸ்டிக்கில் 1 கிலோவைத் தட்டில் அரித்துப் பாருங்கள். 10 கிராம் செம்பு வந்தால், தள்ளிய பிளாஸ்டிக்கின் எடையில் 1 சதவீதம் செம்பாக வீண் போகிறது.

10. விற்கும் நாள்

ஈரமாகக் கொண்டு போனால் வாங்குபவர் ஈரத்துக்கு என்று தன் கணக்கில் கழிப்பார். காயவைத்துக் கொண்டு போங்கள். பித்தளை ஒரு பிடி கலந்தாலும் மொத்த மூட்டையும் கீழ்த்தரத்துக்கு இறங்கும், எனவே கலக்க வேண்டாம்.

செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பல்ல. ஒவ்வொரு புதுக் கேபிளையும் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தைச் சுரண்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருந்து கம்பியும் இலேசாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். காந்தத்தில் ஒட்டினால் செம்பு பூசிய இரும்பு. வெளியே வெள்ளையாகவும் நடுவில் சிவப்பாகவும் இருந்தால் ஈயம் பூசியதென்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய செம்புதான். தனி மூட்டையில் கட்டி, அதற்கான விலையைத் தனியாகக் கேளுங்கள்.